மூக்குக் கட்டையில் ஐந்தாவது எண்

டெல்மாண்ட் பிங்கம் அந்தச் சத்தியத்தைத் தனியாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பார். அறுபத்துமூன்று பேர் முன்னால் செய்தார். அதுவும் வயிறு முட்ட பீன்ஸ் சாப்பிட்ட பிறகு.

எங்கள் வெஸ்ஸகுக் ஊரில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு சர்ச் ஹாலில் எல்லோரும் கூடி, சட்டியில் வெந்த பீன்ஸ் பயறும் கறுப்பு ரொட்டியும் சாப்பிடுவோம். பல்லுக்கு அதிக வேலை வைக்காத சாப்பாடு. மிச்சப்படும் வேலையெல்லாம் நாக்குக்குப் போய்விடும். அந்த மே மாதச் சனிக்கிழமை நாக்குகள் எல்லாம் சேர்ந்து டெல்மாண்டின் கார் ஷெட்டைப் பிடித்துக்கொண்டன.

ஷெட்டில் இருந்தவை ஐந்து படகுகள். கார் கிடையாது. மரச்சட்டத்தின் மேல் கித்தானை இழுத்துக் கட்டி வண்ணம் பூசிய, ஏரியில் இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் பழங்காலப் படகுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பளிப் போர்வை உண்டு. டெல்மாண்டின் மனைவி ஆர்வில்லாவின் கார் பதினோரு குளிர்காலமாக வாசலில் நின்றது. அதற்கு மெய்ன் மாநிலத்துப் பனிதான் போர்வை. இதில் கூடுதல் விசேஷம், ஊருக்குப் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவரே டெல்மாண்ட்தான். விடியற்காலையில் தெருவைச் சுத்தமாக வழித்து, அந்தப் பனியைத் தன் வீட்டு வாசலில் நிற்கும் காரின் மேல் ஒதுக்கிவிட்டுப் போவார்.

"ஊரை எல்லாம் தோண்டி எடுக்கறே டெல்மாண்ட், கட்டினவ காரை மட்டும் புதைக்கறியே!" என்றார் எதிர்வீட்டு மெர்ட்டன்.

ஹால் முழுவதும் சிரித்தது. ஆர்வில்லா மட்டும் சிரிக்கவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பெயரில் வில் இருக்கிறது. அம்பை அவள் அவசரப்பட்டு எடுப்பதில்லை.

டெல்மாண்டுக்கு மானம் பொங்கியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கையில் இருந்த கரண்டியை மேலே தூக்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! காசு கொடுத்து வாங்கின படகு இனிமே ஒண்ணே ஒண்ணு என் ஷெட்டுக்குள்ள நுழைஞ்சாலும், உள்ளே இருக்கற அஞ்சும் வெளியே! ஆர்வில்லாவோட கார் உள்ளே! இது பிங்கம் வாக்கு!"

கை தட்டினார்கள். டெல்மாண்ட் மிகவும் பெருமையாக உட்கார்ந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலம் தாண்டியதும்தான் சொன்னது உறைத்தது. இனி படகே வாங்க முடியாதா? சாகிறவரைக்குமா? வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அவர் மூளை ஆபத்துக் காலத்தில் அப்படி வேலை செய்யும் என்று அவருக்கு நம்பிக்கை.

"ஆர்வில்லா, சொன்ன வாக்கை எழுத்துல போட்டுடலாம். நான் சொல்றேன், நீ எழுது."

ஆர்வில்லா இருபத்தாறு வருஷம் ஊர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள். நாய்க்கு லைசென்ஸ், சுடப்போகும் மானுக்கு பர்மிட், மனிதனுக்குக் கல்யாணச் சான்றிதழ், எல்லாம் அவள் கையெழுத்தில்தான். காகிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள்.

"ஹால்ல சொன்னதை எழுதிட்டேன். அப்புறம்?"

"இதுக்கு ஒரு விலக்கு உண்டுன்னு போடு. குடும்பப் படகு கணக்கில சேராது."

"அது என்ன குடும்பப் படகு?"

"தாத்தா பாட்டன் ஓட்டின படகு எப்பவாவது கண்ணுல பட்டு, அதைக் கொண்டு வந்தா, அது வாங்கினதாகாது. வீட்டுக்குத் திரும்பி வந்ததாகும்."

"எந்தக் குடும்பத்துப் படகுன்னு யார் சொல்றது?"

"கம்பெனிக் கார்டு சொல்லும். கார்டு சொன்னா சொன்னதுதான். அதுக்கு மேல பேச்சே இல்லை."

"கார்டு சொன்னா சொன்னதுதான்..." என்று முணுமுணுத்தபடி எழுதினாள். "சரி, வேற?"

"அந்தப் படகை எங்கே வைக்கறது, அது பக்கத்துல என்ன வைக்கறது, எல்லாத்தையும் அந்தக் குடும்பத்தாருதான் முடிவு பண்ணுவாங்க. மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது."

"வாயைத் திறக்கக் கூடாதுன்னே போடட்டுமா?"

"அப்படியே போடு. அடிக்கோடு இழு."

ஆர்வில்லா இரண்டு கோடு இழுத்தாள். காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் வைத்து, நண்டு வடிவக் காந்தத்தால் ஒட்டினாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். டெல்மாண்ட் தூங்கப் போய்விட்டார்.

கார்டு விஷயம் இதுதான். கென்னிஸ்காட் படகுக் கம்பெனி, தான் செய்த ஒவ்வொரு படகுக்கும் ஒரு நம்பர் வைத்திருந்தது. படகின் மூக்கில் உள்பக்கம் வளைந்து போகிற கட்டையில் அதை அடித்திருப்பார்கள். அடுத்து கொஞ்சம் இடம் விட்டு, படகு எத்தனை அடி நீளம் என்பதையும் அடித்திருப்பார்கள். நம்பரை எழுதி அனுப்பினால், அலமாரியில் அந்தக் கார்டைத் தேடி எடுத்து நகல் அனுப்புவார்கள். என்ன வண்ணம், என்ன சீட்டு, எந்த வருஷம், எந்த ஊரில் யாருக்கு அனுப்பினார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு குறை. ஒரு காலத்தில் கம்பெனியில் தீப்பிடித்து, முதல் ஒன்பதாயிரம் படகுகளின் கார்டுகள் சாம்பலாகிவிட்டன. அந்த ஒன்பதாயிரமும் அநாதைகள். யார் வேண்டுமானாலும் அவற்றுக்கு அப்பா பெயர் சொல்லலாம்.

ஜூன் மாதம் ஒரு காலையில் ஆர்வில்லா அவருக்கு இரண்டு டோனட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். டெல்மாண்ட் லாரியில் உட்கார்ந்து டோனட்டைத் தின்றார். பிறகு காகிதத்தைப் படித்தார். எண்ணெய் ஊறிய இடத்தில் ஒரு விளம்பரம் பளபளத்தது. 'டன்மோரில் வீட்டுச் சாமான் விற்பனை. பழைய தையல் மிஷின், பால் கேன்கள், பதினேழு அடி மரப் படகு.'

டன்மோர் நாற்பது மைல். அரை மணியில் போய்ச் சேர்ந்தார்.

அங்கே புல்வெளியில் ஆஜானுபாகுவான ஓர் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து உல்லன் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் படகு கவிழ்ந்து கிடந்தது. கித்தான் கிழிந்து தொங்கியது. நாலைந்து இடத்தில் விலாக்கட்டை முறிந்திருந்தது. டெல்மாண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அழகான பெண்ணைக் கந்தல் புடவையில் பார்த்த மாதிரி இருந்தது என்று பிறகு மெர்ட்டனிடம் சொன்னார்.

படகை நிமிர்த்தி, தலையை அதன் மூக்குக்குள் நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். கட்டையின் மேல் பழைய வார்னிஷ் தேன் மாதிரி உறைந்திருந்தது. விரலால் தடவினார். நாலு. ஒன்று. இரண்டு. ஏழு. பிறகு வெற்றிடம். பிறகு பதினேழு. வெற்றிடம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. நம்பர் அடித்தவன் தாராள மனசுக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நாலாயிரத்து நூற்று இருபத்தேழு. ஒன்பதாயிரத்துக்குக் கீழே. கார்டு இல்லை! டெல்மாண்டின் தலை படகின் மூக்குக்குள் இருக்கும்போதே அந்த மகத்தான யோசனை அவருக்குள் உதித்தது.

"விலை என்னம்மா?"

"நானூறு டாலர். வீட்டுல பெஞ்சாதிக்குத் தெரியுமா?"

"என் வீட்டுல நான் வெச்சதுதான் சட்டம்."

"ஆமாமா, முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. பேரு?"

"பிங்கம். டெல்மாண்ட் பிங்கம், வெஸ்ஸகுக்."

அந்த அம்மாளுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. உல்லனால் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்கச் சிவக்க இருமினாள். நல்ல மனுஷி, நெஞ்சில் ஏதோ கோளாறு என்று டெல்மாண்ட் பரிதாபப்பட்டார்.

முந்தைய ஐந்து படகுகளும் ஆர்வில்லா ஊரில் இல்லாத நேரம் பார்த்து வந்து சேர்ந்தவை. இது பட்டப்பகலில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஆர்வில்லா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டிலிருந்து மெர்ட்டனும் வந்துவிட்டார். ஹாரன் சத்தத்துக்கு வராத ஆள் இல்லை அவர்.

"தாத்தா வீட்டுக்கு வந்துட்டாரு ஆர்வில்லா!" என்று கத்தினார் டெல்மாண்ட்.

"எந்தத் தாத்தா?"

"ஆன்செல் தாத்தா! இது அவரோட படகு! கஷ்ட காலத்துல ஒரு பசுமாட்டுக்காகக் கொடுத்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லையாம்."

"ஆன்செலா?" என்றார் மெர்ட்டன். "ஷூ கம்பெனியில தோல் வெட்டிட்டிருந்த ஆன்செலா? அந்த மனுஷன் குளிக்கவே பயப்படுவாருன்னு எங்கப்பா சொல்லுவாரே."

"படகு போனதுக்கு அப்புறம்தான் அந்த பயம். மனசு ஒடஞ்சு போச்சு."

ஆர்வில்லா படகைச் சுற்றி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பின் சீட்டு ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு?"

டெல்மாண்ட் தயங்கவே இல்லை. "பின்னாடி உக்கார்றவருதானே படகைத் திருப்பறவரு? தாத்தாவுக்குக் காலு குட்டை. அளவு கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்காரு."

"கல்யாண போட்டோல ஆறடி ரெண்டு அங்குலம் நிக்கறாரே."

"அது... முட்டிக்கு மேல உள்ள உயரம்."

மெர்ட்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முட்டிக்கு மேலே ஆறடி உள்ள மனிதனை மனதில் வரைந்து பார்க்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"சரி," என்றாள் ஆர்வில்லா. "கார்டு சொல்லட்டும். நம்பர் என்ன?"

"அங்கேதான் சோகமே. நாலாயிரத்து நூத்தி இருபத்தேழு. கார்டு தீயில போயிடுச்சு. கார்டு இல்லாத இடத்துல குடும்பத்தாரு வாக்குதான் சாட்சி. நான் குடும்பத்தாரு. நான் சொல்றேன், இது தாத்தா படகு."

ஆர்வில்லா உள்ளே போனாள். ஜெயித்துவிட்டோம் என்று டெல்மாண்ட் மெர்ட்டனைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு பிடி மைதா மாவு இருந்தது. ப்ளூபெரிப் பழ அப்பம் சுடுவதற்குப் பிசைய வைத்திருந்த மாவு. குனிந்து, மூக்குக் கட்டையின் மேல் மாவைத் தூவினாள். விரலால் லேசாகத் தேய்த்தாள். உதட்டைக் குவித்து ஊதினாள்.

பள்ளத்தில் எல்லாம் மாவு தங்கிவிட்டது. கட்டையின் மேல் எண்கள் வெள்ளை வெளேர் என்று எழுந்து நின்றன. நாலு, ஒன்று, இரண்டு, ஏழு. தாராள மனசுக்காரன் விட்டு வைத்த அந்த வெற்றிடத்தில், வார்னிஷுக்கு அடியில் இத்தனை நேரம் ஒளிந்திருந்த ஒரு மூன்று.

"நாப்பத்தோராயிரத்து இருநூத்தி எழுபத்திமூணு," என்று படித்தாள் ஆர்வில்லா. "அப்புறம் பதினேழு அடி."

"அது கீறல்."

"மூணு மாதிரியே இருக்கு."

"கீறல்தான். தாத்தா தூண்டில் முள்ளு பட்டிருக்கும்."

"சரி, கீறல்," என்றாள் ஆர்வில்லா. கையைத் தட்டிவிட்டு, அப்பம் சுடப் போய்விட்டாள்.

டெல்மாண்ட் ஒரு வாரம் தபால்காரனைக் கண்டாலே வியர்த்தார். கடிதம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆர்வில்லாவும் பேச்சே எடுக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள், பாவம், வயசாகிறது என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுவதும் வெஸ்ஸகுக் ஏரியைச் சுற்றி அவரைப் போல் சந்தோஷமான மனிதர் யாரும் இல்லை.

படகு வேலையில் டெல்மாண்டின் கை பொன்னான கை. அதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். முறிந்த விலாக்கட்டைகளைக் கழற்றி, புது தேவதாருப் பட்டைகளை ஆவியில் வேகவைத்து வளைத்து ஏற்றினார். பித்தளை ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்தார். புதுக் கித்தானை இழுத்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டது ஆர்வில்லாதான்.

"இன்னும் இழு, சுருக்கம் இருக்கு," என்பாள்.

"இழுத்துட்டேன்."

"தாத்தா படகு, டெல்மாண்ட். அரைகுறையா விடலாமா?"

அவர் மறுபடி முதலிலிருந்து இழுப்பார். அடர்பச்சை வண்ணம் ஆறு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே கையால் தேய்ப்பு. மூன்றாவது பூச்சில் ஆன்செல் தாத்தா புயலில் ஏரியைக் கடந்தார். ஐந்தாவது பூச்சில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு பாதிரியாரைக் காப்பாற்றினார். டெல்மாண்ட் இந்தக் கதைகளைப் பெட்ரோல் பங்கில் சொல்லிச் சொல்லி, செப்டம்பருக்குள் தானே நம்பிவிட்டார். ஒரு மாலை, காய்ந்த வண்ணத்தைத் தடவிக்கொண்டு நின்றபோது, பார்த்தேயிராத அந்தத் தாத்தாவுக்காக அவர் நிஜமாகவே தொப்பியைக் கழற்றினார்.

அக்டோபர் வந்தது. மேப்பிள் இலைகள் சிவந்தன. காலையில் கார் கண்ணாடியில் உறைபனி பிடிக்க ஆரம்பித்தது. ஆர்வில்லா தேய்ந்துபோன துடைப்பத்தைத் தேடி எடுத்து வாசலில் சாய்த்து வைத்தாள். பன்னிரண்டாவது குளிர்காலம்.

"டெல்மாண்ட், இந்தச் சனிக்கிழமை படகை சர்ச் ஹாலுக்குக் கொண்டுபோவோமா? எல்லாரும் பாக்கட்டும். நீ நாலு வார்த்தை பேசு."

நாலு வார்த்தையா? டெல்மாண்ட் நாற்பது நிமிஷம் பேசினார். அறுபத்துமூன்று பேரும் இருந்தார்கள். படகு மேடையில் கண்ணாடி மாதிரி மின்னியது. பசுமாடு, புயல், பாதிரியார், எல்லாம் வந்தார்கள். கடைசியில் கையை நெஞ்சில் வைத்தார்.

"மே மாசம் இதே இடத்துல சத்தியம் பண்ணினேன். அதை மீறல. இது வாங்கின படகு இல்லை. குடும்பப் படகு!"

கைதட்டல் அடங்கியதும் ஆர்வில்லா எழுந்தாள்.

"ரொம்ப நல்லா பேசினே. நம்ம விருந்தாளியும் கேட்டுட்டிருந்தாங்க. யூடோரா, கொஞ்சம் முன்னாடி வா."

பின் வரிசையிலிருந்து ஆஜானுபாகுவான ஓர் அம்மாள் உல்லன் பையோடு எழுந்து வந்தாள். டெல்மாண்டின் கை நெஞ்சிலேயே இருந்தது. இப்போது அது தேவைப்பட்டது.

"நெஞ்சு இருமல் தேவலையா?" என்றார்.

"உங்களைப் பாத்தா மட்டும்தான் வருது," என்றாள் யூடோரா.

"இவ என் சித்தப்பா பொண்ணு," என்றாள் ஆர்வில்லா. "வருஷா வருஷம் ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை எங்க தர்லோ குடும்பக் கூட்டம் நடக்குது. கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷம். முப்பத்தோரு தடவையும் உனக்கு அன்னைக்குன்னு பாத்து மீன் கடிக்குது. ஒரே ஒரு தடவை வந்திருந்தா யூடோராவை அடையாளம் தெரிஞ்சிருக்கும். டோனட்டை அந்த விளம்பரத்துல ஏன் சுத்தினேன்னும் புரிஞ்சிருக்கும்."

ஹாலில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். அதைக் குனிந்து எடுக்கக்கூட யாரும் தயாராக இல்லை.

ஆர்வில்லா கைப்பையைத் திறந்து ஒரு நகலை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"கென்னிஸ்காட் படகுக் கம்பெனி. நம்பர் நாப்பத்தோராயிரத்து இருநூத்தி எழுபத்திமூணு. பதினேழு அடி. அடர்பச்சை. ஆயிரத்து தொள்ளாயிரத்து இருபத்தேழு, மே மாசம். அனுப்பியது வெஸ்ஸகுக் மில் ரோடு, எவரார்ட் தர்லோவுக்கு." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஆன்செல் தாத்தா இல்லை, எங்கப்பாவைப் பெத்த தாத்தா. அவருக்கு நீச்சல் தெரியும்."

"இது எப்ப வந்தது?" என்றார் டெல்மாண்ட் ஈனஸ்வரத்தில்.

"ஜூலை கடைசியில."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"அப்ப நீ கித்தான் இழுக்கலையே."

மெர்ட்டன் மேஜையில் தலையை வைத்துக் குலுங்க ஆரம்பித்தார். டெல்மாண்ட் நாலா பக்கமும் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. சொன்னேனே, ஆபத்துக் காலத்தில் அவர் மூளை வேலை செய்யும்.

"இரு, இரு! யாரு தாத்தாவா இருந்தா என்ன? இதுவும் குடும்பப் படகுதானே? உன் குடும்பம் என் குடும்பம் இல்லையா? விலக்கு உண்டு! ஃபிரிட்ஜ்ல இருக்கு! அஞ்சு படகும் ஷெட்டுலதான்!"

"உண்டு," என்றாள் ஆர்வில்லா. "யாரு இல்லேன்னா?"

கைப்பையிலிருந்து இன்னொரு காகிதம் வந்தது. நண்டுக் காந்தம் இன்னும் அதன் மேலேயே இருந்தது.

"அடுத்த வரியையும் படிச்சிடறேன். நீ சொல்லச் சொல்ல எழுதினது. 'அந்தப் படகை எங்கே வைப்பது, அதன் பக்கத்தில் என்ன வைப்பது, எல்லாவற்றையும் அந்தக் குடும்பத்தார் முடிவு செய்வார்கள்.' கார்டு சொன்ன குடும்பம் தர்லோ. இங்கே தர்லோ நாங்க ரெண்டு பேர். யூடோரா, நீ என்ன சொல்றே?"

"தாத்தா படகு முன்னபின்ன தெரியாத படகுங்களோட ஒரே கூரைக்குக் கீழே இருக்கறதுல எனக்கு இஷ்டமில்லே," என்றாள் யூடோரா.

"எனக்கும்தான். அதை ஷெட்டு உத்தரத்துல கயிறு கட்டித் தொங்கவிடலாம். கீழே என் காரு நிக்கும். அது அறிமுகமான காருதான்."

"தொங்கவிட்டா படகோட முதுகு வளைஞ்சிடும்னு எத்தனை தடவை..." என்று ஆரம்பித்தார் டெல்மாண்ட்.

அறுபத்துமூன்று பேர் முன்னால் ஆர்வில்லா காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். 'வாயைத் திறக்கக் கூடாது.' இரண்டு அடிக்கோடு.

டெல்மாண்ட் வாயை மூடினார். பிறகு கொஞ்சமாகத் திறந்து, "அஞ்சும் எங்கே போகும்?" என்று கேட்டார். குரல் குழந்தை குரல் மாதிரி இருந்தது.

"என் மாட்டுக் கொட்டகையில," என்றார் மெர்ட்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கூரை ஒழுகாது. போர்வையும் எடுத்துட்டு வா. ஆர்வில்லா ஜூன் மாசமே வந்து இடம் பாத்து வெச்சுட்டா."

"அடப்பாவி! தாத்தாவைப் பத்தி என்கிட்ட அத்தனை கேள்வி கேட்டியே!"

"கேக்கச் சொன்னதே அவதான்யா."

ஆர்வில்லா கார்டை மடித்தாள். மடிக்கும்போது, "கீழே இன்னும் ஒரு வரி இருக்கு. அது அப்புறம்," என்றாள். டெல்மாண்ட் இருந்த நிலைமையில் அது காதில் விழவில்லை.

நவம்பர் நடுவில் முதல் பனி விழுந்தது. ஒரே இரவில் ஒன்றே கால் அடி. டெல்மாண்ட் லாரியில் ஊர் முழுவதும் வழித்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு வீடு திரும்பினார். பழக்க தோஷத்தில் பனியை எங்கே ஒதுக்கினார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் இப்போது அவருடைய சொந்த வண்டி நின்றது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. துடைப்பத்தையும் மண்வாரியையும் எடுத்துக்கொண்டு தோண்ட ஆரம்பித்தார்.

'உர்ர்' என்று ஒரு சத்தம். ஷெட் கதவு, யாரும் தொடாமல், தானாக மேலே ஏறியது. பித்தான் அழுத்தினால் ஏறுகிற மின்சாரக் கதவு. டன்மோரில் அவர் யூடோராவிடம் எண்ணிக் கொடுத்த நானூறு டாலர்தான் அப்படி ஏறியது. உள்ளே உத்தரத்தில் அடர்பச்சைப் படகு, முதுகு வளையாமல், ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழிருந்து ஆர்வில்லாவின் கார், ஒரு துளி பனி இல்லாமல், மெதுவாக வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றது. ஜன்னல் இறங்கியது. கதகதப்பான காற்று அவர் முகத்தில் அடித்தது.

பதினோரு வருஷம் ஆர்வில்லா இங்கேதான் நின்று தோண்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவர் விரல்களுக்குப் புரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ரொம்பக் குளுருது, ஆர்வில்லா," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். கோபமே இல்லை குரலில். கைப்பையைத் திறந்து, மடித்த கார்டை நீட்டினாள். "கடைசி வரியைப் படி."

கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் பார்த்தார். பழைய தட்டச்சு எழுத்தில், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. 'சிறப்புக் குறிப்பு: பின் சீட்டை மூன்று அங்குலம் தாழ்த்தவும். படகைத் திருப்புபவர் திருமதி தர்லோ.'

டெல்மாண்ட் இரண்டு தடவை படித்தார். முப்பத்தோரு வருஷமாக எல்லாப் படகிலும் பின் சீட்டு அவருடையது. முன் சீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் திருப்புகிற பக்கமெல்லாம் போனது ஆர்வில்லா.

"கார்டு சொன்னா?" என்று கேட்டாள்.

"சொன்னதுதான்," என்றார் டெல்மாண்ட்.

"ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை குடும்பக் கூட்டம். ஏரி வழியாத்தான் போறோம்." ஜன்னல் மேலே ஏற ஆரம்பித்தது. "முன் சீட்டு உனக்கு."